மணல் தட்டுப் பெரும்போர்

ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி வீட்டில், குளியலறைக்கு அருகே இருந்த பூனையின் மணல் தட்டு இரண்டு நாட்களாக அள்ளப்படாமல் இருந்தது. அந்த வீட்டுப் பெண் நான்கு மாதக் கர்ப்பிணி.

வாழ்க எம் நாயகர்! தொழிற்சாலையில் நானூறு பேருக்குக் கையுறை மாட்டும் கலையைக் கற்பித்தவர். ஈரத்தரை கண்ட இடமெல்லாம் மஞ்சள் பலகை நட்டவர். பாதுகாப்பு வாரந்தோறும் மேடையேறி முழங்கும் சிங்கம். ஆயினும் மணமான நாள்முதல் தம் வீட்டு மணல் தட்டின் திசையில் திருமுகம் திருப்பாத திண்ணியர். பாதுகாப்பு அதிகாரி என்னும் பட்டம் பூண்ட அந்தக் கணவர் வாழ்க!

போருக்கு வித்திட்டது வெள்ளிக்கிழமை மருத்துவர் விடுத்த பிரகடனம். "பூனைய விரட்ட வேணாம். அதோட மலத்துல ஒரு கிருமி இருக்கலாம், கர்ப்பத்துல புதுசா தொத்துனா குழந்தைக்கு ஆகாது. அதனால தட்ட நீங்க தொடாதீங்க. வேற யாராவது தெனமும் அள்ளணும். ஒரு நாளைக்கு மேல கெடந்தாதான் அந்தக் கிருமிக்கு வீரியமே வரும்." இப்படிச் சொல்லிவிட்டு மருத்துவர், அருகிலிருந்த அந்த 'வேற யாராவது' ஆன நாயகரைப் பார்த்தார். நாயகர் மலை அசைந்ததுபோல் தலையசைத்தார். அசைத்த தலையோடு வீடு வந்து, இரண்டு நாள் கிரிக்கெட் பார்த்தார்.

ஞாயிறன்று அவருடைய தாயார் களமிறங்கினார். மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கத்திரிக்கோலால் காற்றுத் துளைகள் குத்தி, கூடத்தின் நடுவில் வைத்து முழங்கினார்: "புள்ள வர்ற வீட்டுல பூனை எதுக்கு? சாயங்காலம் என் சின்ன மக வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

பெட்டிக்கு உரிய பூனையின் பெயர் மேனேஜர். தான் எதுவும் செய்யாமல் மற்றவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். கணவர் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணோடு ஏழாண்டு வாழ்ந்த மூத்த உரிமையாளர் அது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர் பூனைய வெளிய அனுப்பச் சொல்லல அத்தை. உங்க பையன வேலை செய்யச் சொன்னாங்க. இது போனா நானும் கூடவே போறேன்."

எழுந்தார் எம் பெருமான்! மழைக்கோட்டு மார்க்கவசமாக, ஸ்கூட்டர் ஹெல்மெட் மணிமுடியாக, தொழிற்சாலைக் கண்ணாடி விழிக்காவலாக, இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் இலங்க, பிளாஸ்டிக் கரண்டியை வேலென ஏந்தி, மதிலேறும் படைத்தலைவனைப் போல் குளியலறை வாசலை முற்றுகையிட்டார். இரண்டு நாள் ஊறிய வாடை யானைப்படையாய் எதிர்கொள்ள, கண்கள் கலங்க, கட்டிகள் கோட்டைக் கற்களைப்போல் தட்டின் அடியைப் பற்றிக்கொண்டு சரணடைய மறுக்க, ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துப் பையில் சிறைவைத்துப் புதுமணல் பரப்பி நிமிர்ந்த அக்கணத்தில், வாஷிங் மெஷின் மேலிருந்து மேற்பார்வையிட்ட மேனேஜர் மெல்ல இறங்கி, புதுமணலை முகர்ந்து, திருப்தியுற்று, அங்கேயே அமர்ந்தது. மீண்டும் கரண்டி உயர்ந்தது. மீண்டும் களம் வெல்லப்பட்டது.

பையை இறுகக் கட்டிக் குப்பைத்தொட்டியில் அடக்கம் செய்து வெற்றித் திருமகளோடு வெளிப்பட்ட வள்ளல், கர்ப்பிணி மனைவிக்குத் தம் கையால் ஏதேனும் ஊட்டிவிடும் கருணை பொங்க, சமையல் மேடைக்குச் சென்று, கையுறையையும் கழற்றாமல், கழுவாத வெள்ளரிக்காயொன்றை எடுத்து நறுக்கலானார்.

"டேய்!"

கரண்டிகளெல்லாம் அதிர்ந்தன. தாயார் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதை அள்ளுன கையிடா இது? நீதான் நானூறு பேருக்குப் பாடம் எடுக்கறியா?" பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டி இவனுக்குச் சரியா இருக்குமா பாரும்மா. பூனை இருக்கட்டும். அது நக்கியாவது கைய சுத்தம் பண்ணுது."

மருமகள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடியது. நாயகர் கவசங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, வெள்ளரிக்காயைக் குப்பையில் போட்டு, தாயாரின் மேற்பார்வையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். சின்ன மகளுக்கு வர வேண்டாம் என்று போன் போனது. பூனை அந்த அட்டைப்பெட்டியில் படுத்துத் தூங்கியது.

மறுநாள் காலையும் தட்டை அவர்தான் அள்ளினார்.