சரசம்மாவுக்குக் கால் வரவில்லை

ஓர் உயிரின் மீது அன்பு வைத்தால் முதலில் கெடுவது தூக்கம் என்பார்கள். தமிழாசிரியைக்கு முதலில் கெடுவது இலக்கணம். மனிதர் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் கோடு கிழித்துப் பிரித்துக் காட்டுகிற நான், வீட்டில் ஒரு கோழியை ‘அவங்க’ என்று அழைக்கப் போய்ப் பட்ட பாடு இது.

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவில் எங்கள் வீடு. அடுத்த வீட்டு மல்லிகா அக்கா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. ஒரு பாதத்தின் விரல்கள் மூடிய கைபோலச் சுருண்டிருந்தன. தாய்க்கோழியே அதைக் கொத்தி ஒதுக்கியது. “இது தப்பாது டீச்சர்” என்றார் அக்கா. அவ்வளவுதான், முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டேன். (தமிழாசிரியையிடம் எதையும் அப்படி முடிவாகச் சொல்லிவிடக் கூடாது.)

கால்நடை மருத்துவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேராகலாம், ஆகாமயும் போகலாம். பொறுமை இருக்கா?” என்று கேட்டார். என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். இரு கால்களையும் சற்று இடைவெளி விட்டு மெல்லிய துணியால் பிணைத்தேன். சுருண்ட விரல்களை விரித்து அட்டையில் ஒட்டிச் செருப்புப் போலக் கட்டினேன். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி நீவிவிட்டேன். பனி இறங்கும் நாட்களில் விளக்கின் கீழ் வைத்தேன். குஞ்சு வளர்ந்தது, கால் வளரவில்லை. மூங்கில் கூடையில், துண்டின் மேல் அமர்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி அது போடும் அதட்டலைக் கேட்ட மல்லிகா அக்கா சிரித்தார்: “தோட்டத்துக் கங்காணி பொண்டாட்டியேதான்! அது இதுன்னு கூப்பிட்டா மரியாதையில்ல. சரசம்மான்னு கூப்பிடுங்க.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சரசம்மா ‘எழுந்தார்’, ‘சாப்பிட்டார்’, ‘கோபித்துக்கொண்டார்’.

ஒரு வியாழக்கிழமை மாலை, ஒட்டன்சத்திரத்திலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“கால் வெளங்காத கோழிய மடியில வச்சுத் தாலாட்டுறவள இப்பத்தான் பாக்குறேன். அதுக்கும் வேதன, ஒனக்கும் சோலி கெடுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள அது ஊன்றி நின்னுச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா கொழம்பு வச்சிருவோம்.”

அத்தை கொடுமைக்காரர் அல்லர். நோகும் உயிரை இழுத்தடிக்கக் கூடாது என்பது அவர் அறம். ஆனால் எனக்கு அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் காலையில் என் கணவர், தாய்க்கும் கோழிக்கும் நடுவே நடுநிலை வகிப்பதாக அறிவித்துவிட்டு, வெள்ளனே அலுவலகம் கிளம்பிவிட்டார். சரசம்மாவை அத்தையிடம் விட்டுவிட்டு நான் எப்படிப் பள்ளிக்குப் போவது? தலைமையாசிரியை கிரேஸ் மேடத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“மேடம், சரசம்மாவுக்குக் கால் சுத்தமா வரல. அவங்கள ஒரே பக்கமாப் படுக்க விட்டாப் புண்ணாயிரும். சாப்பாடுகூட ஊட்டித்தான் விடணும். இன்னைக்கு லீவு வேணும்.”

மறுமுனையில் பெருமூச்சு. “அடடா! பெரியவங்களுக்குச் செய்யக் கொடுத்து வச்சிருக்கணும் டீச்சர். ஸ்கூல மறந்துட்டு நல்லாப் பாத்துக்கங்க.”

மாமியார் வரப்போகிறார் என்று அந்த வாரம் முழுவதும் ஆசிரியர் அறையில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘பெரியவங்க இல்லை மேடம்’ என்று வாயெடுப்பதற்குள், மலையின் வழக்கப்படி சிக்னல் போனது. அதே கணத்தில் அடுக்களையிலிருந்து, “ஏத்தா, அருவாமனை எங்க?” என்ற குரல் வந்தது. எதைத் திருத்துவது, எதைக் காப்பாற்றுவது? ஓடினேன். (அத்தை கேட்டது வெங்காயம் அரிய.)

மாலையில் வாசலில் பேச்சுக்குரல். கிரேஸ் மேடம் கையில் ரொட்டியும் ஆரஞ்சுப் பழங்களும். பின்னால் உடற்பயிற்சி ஆசிரியர், நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கும் அலுமினிய வாக்கர் ஒன்றைத் தோளில் சுமந்து, மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். என்ன நடந்திருக்கிறதென்று எனக்கு விளங்கிய அந்த நொடியில், கொல்லைப்புறத்திலிருந்து விறகுக்கட்டைத் தலையில் சுமந்தபடி விறுவிறுவென்று வந்தார் அத்தை.

கிரேஸ் மேடத்தின் கண்கள் கலங்கின. “ஆண்டவரே! நடக்குறீங்களேம்மா!”

“நடக்காம, பின்ன பறந்தா வருவாங்க?”

“காலைல அசெம்பிளில அத்தன பிள்ளைங்களும் உங்க காலுக்காக ஜெபம் பண்ணுச்சும்மா.”

அத்தை விறகைக் கீழே போட்டார். “என் காலுக்கு என்ன கேடு? ஏத்தா, பள்ளிக்கூடத்துல என்னன்னு சொல்லி வச்ச?”

“நீங்கதானே சரசம்மா?” என்றார் மேடம், குரல் இறங்கி.

“எம்பேரு பொன்னுத்தாயி. சரசம்மா உள்ள கூடையில கெடக்கு.”

“கூடையிலயா!”

“ஆமா. எந்திரிக்க முடியல பாவம். ஞாயித்துக்கெழம அறுத்துருவோம்னு சொன்னேன். இவ விடமாட்டேங்கிறா.”

உடற்பயிற்சி ஆசிரியர் வாக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். (எங்கள் வட்டாரத்தில் படுக்கையில் விழுந்த மனிதரையும் ‘கெடக்கு’ என்றுதான் சொல்வார்கள். அன்று அந்த வழக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.) வேறு வழியின்றி உள்ளே போய்க் கூடையைத் தூக்கி வந்து அவர்கள் நடுவே வைத்தேன். சரசம்மா தலையை நீட்டி, தமக்காக வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஓர் அதட்டல் போட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பூமிக்கு அன்று வேறு வேலை இருந்தது.

பிறகு கிரேஸ் மேடம் குனிந்து, சரசம்மாவின் கால்கட்டையும் அட்டைச் செருப்பையும் தொட்டுப் பார்த்தார். “இதெல்லாம் நீங்களே செஞ்சதா டீச்சர்?” என்றார். தலையசைத்தேன். நான் எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் ஏறவே இல்லை. “சரி, பிள்ளைங்க பண்ணின ஜெபம் வீணாப் போகக் கூடாது” என்று சொல்லி, கோழியின் முதுகில் கைவைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

அத்தை மோவாயில் கைவைத்து நின்றார். “அத்தன பிள்ளைக வேண்டிக்கிட்டதுல கத்திய வச்சா, எனக்குத்தான் பாவம் வந்து சேரும்” என்றவர், உள்ளே போய்த் தம்முடைய பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். உடற்பயிற்சி ஆசிரியர் அதை வாக்கரின் கம்பிகளுக்கு நடுவே தூளிபோலக் கட்டினார். கால் நுழைய இரண்டு துளைகள். சரசம்மாவை அதில் இறக்கியதும் பாதங்கள் தரையைத் தொட்டன. தொட்டும் தொடாமலும் துழாவின. கூடையில் கிடைக்காத தரை, கேளாமல் வந்த வாக்கரில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், தூளி தாங்க, அட்டைச் செருப்பு தரையில் அழுந்தியது. “நின்னுட்டாளே!” என்று முதலில் கத்தியவர் அத்தை. அன்று எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்பு.

சரசம்மா முழுதாக நேராகவில்லை. சில எட்டுத் தத்திவிட்டு, மேற்கொண்டு போவதா என்று யோசிப்பவர்போல உட்கார்ந்துவிடுவார். இன்றும் நான் விடுப்புக் கேட்டால், “உயர்திணையா அஃறிணையா?” என்று மேடம் விசாரித்த பிறகே கிடைக்கும். அன்பு மிகுதியால் திணை மாற்றிச் சொல்வது பிழையாகாது, அது வழுவமைதி என்று பாடம் நடத்தினால், எடுத்துக்காட்டைப் பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள்: ‘சரசம்மா வந்தார்.’ நானும் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறேன். எள்ளி நகையாட எல்லா உரிமையும் இருந்த நாளில், எனக்காகக் குனிந்து ஒரு கோழியின் காலைத் தொட்டவர்களுக்கு வேறெப்படி நன்றி சொல்வது?

ஒட்டன்சத்திரத்திலிருந்து அத்தை தினமும் காலையில் அழைக்கிறார்.

“ஏத்தா, சரசம்மா எந்திரிச்சாளா? சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா அத்தை.”

“வெயில்ல ஒக்கார வையி. அது எங்க, ஆபீஸ் போயிருச்சா?”

‘அது’, அவருடைய ஒரே மகன்.