குவார்ட்டர்ஸ் வாசலில் கண்ணீர் அஞ்சலி

பெண் கேட்கப் போகிற வீட்டில் "உங்களுக்கு யார் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், "எனக்குக் காது கேட்காது" என்று சொல்லிவிடுவது உத்தமம். நான் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் ஆவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்பாரியோடு விடிந்தது.

அப்போது நான் தேனியிலிருந்து வந்து, காட்டுப்பாக்கத்தில் நண்பர்களோடு ஒரு ஃபிளாட்டில் தங்கி, அம்பத்தூரில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி கல்பனா. அவளைக் கட்டிக்கொள்ள அவள் அப்பா பரமசிவம் சம்மதிக்க வேண்டும். அவர் ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கறுப்பு வெள்ளைக் காலத்தில் தானே பாடி நடித்த ஒரு நட்சத்திரத்தின் பரம பக்தர். (பெயர் எதற்கு? அந்த வீட்டில் அவர் வெறும் 'தலைவர்'. பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு.)

முதல்முறை குவார்ட்டர்ஸுக்குப் போனபோது ஹால் சுவர் முழுக்கத் தலைவர். நான் அவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

"தம்பிக்கு யார் பாட்டு புடிக்கும்?" என்றார் பரமசிவம்.

"தலைவர்தான் சார். சின்ன வயசுலேர்ந்து உயிரு!"

அவர் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம தலைவர் நினைவு நாளு. வருசா வருசம் கேட்டாண்ட படம் வெச்சு மாலை போடுவோம். இந்த வாட்டி ஃப்ளெக்ஸ் உன் பொறுப்பு. அன்னிக்கே உங்க மேட்டரையும் பேசி முடிச்சுடலாம்."

கிளம்பும்போது சுவரின் நடுவில் இருந்ததிலேயே பெரிய படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டேன். தோள்வரை சுருண்ட முடி, காதில் கடுக்கன், பட்டு அங்கவஸ்திரம், வானத்தை நோக்கி நீட்டிய கை. நடுவில் இருப்பவர்தானே தலைவர்? கல்பனாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் பெரிய துரை மாதிரி அவளை ஆச்சரியத்தில் ஆழ்த்த நினைத்தேன்.

பருத்திப்பட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அண்ணாத்தே, இவர எங்கியோ பாத்துகீறேனே. காலைல ஏரியாண்ட வாக்கிங் வருவாரே ஒருத்தரு, அவரு மாதிரியே கீறாரு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மகா கலைஞன்யா! ஏரியில வாக்கிங் போறவர்ங்கிற?" என்று எகிறினேன்.

அவர் பயந்துபோய் நான்கு மூலையிலும் கண்ணீர் விடும் கண்களை இலவசமாகச் சேர்த்தார். மேலே, 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற தலைவரே!' கீழே, 'கண்ணீருடன், பரமசிவம் குடும்பத்தார்.'

ஞாயிறு விடிகாலையில் கடை ஆட்களே வந்து கட்டிவிட்டுப் போனார்கள். நான் ரோஜா மாலையோடு போய் இறங்கியபோது கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவருக்கு இவ்வளவு கூட்டமா என்று பூரித்துப்போனேன். மூலையில் ஒருவர் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அண்ணனூரிலிருந்து ரயிலேறி வந்த ஓர் அம்மாள் ஆட்டோவிலிருந்தே மாரடித்துக்கொண்டு இறங்கினார். "அண்ணே! என்ன உட்டுட்டுப் பூட்டியே!"

தலைவருக்கு அண்ணனூரில் தங்கையா? ஃப்ளெக்ஸை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தேன்.

வீட்டில் வருங்கால மாமியார் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று, துக்கம் கேட்க வந்தவர்களிடம், "யோவ், அவரு வாக்கிங் போய்கீறாருய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார். "பாவம், அதிர்ச்சில புத்தி கலங்கிப்போச்சு" என்று சொல்லி நாலு பேர் அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள். கல்பனா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தெருமுனையில் பரமசிவம் வந்தார். கையில் பால் பாக்கெட், காலில் கேன்வாஸ் ஷூ. தங்கை அவரைப் பார்த்ததும் "ஐயோ" என்று என் மேல் மயங்கி விழுந்தார். பறை நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டு அங்கவஸ்திரத்தில் வானத்தை நோக்கிக் கை நீட்டியபடி அவரே. வாலிபத்தில் ஃபாக்டரி நாடகத்தில் தலைவர் வேஷம் கட்டியபோது ஸ்டூடியோவில் எடுத்த படமாம். (தலைவரைச் சுற்றி மாட்டிவிட்டுத் தன்னை நடுவில் மாட்டிக்கொள்ளும் பக்தரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.)

"எவன்டா இத்த வெச்சது?"

எல்லா விரல்களும் என்னைக் காட்டின. கல்யாணம் போச்சு, காட்டுப்பாக்கம் உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

"சார்... தலைவர்னு நெனச்சுட்டேன் சார்."

"இன்னா சொன்ன?"

"இதுதான் தலைவர்னு..."

அவர் மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முகத்தில் சூரியோதயம். "கேட்டீங்களாய்யா! சின்ன வயசுலேர்ந்து தலைவர்னா உயிர விடுற புள்ள. அவனுக்கே வித்தியாசம் தெரியல! நான் சொல்றப்பல்லாம் சிரிச்சீங்களே!" என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தம்பி இல்லடா, நீ மாப்ள!"

"மொதல்ல அவனுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் தேதி குறிக்கலாம்" என்றார் மாமியார்.

வாங்கி வந்த மாலைகள் வீணாகக் கூடாதென்று எல்லாவற்றையும் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, மாமா தலைவர் பாட்டு ஒன்றை உச்ச ஸ்தாயியில் பாடினார். வந்திருந்த ஜனம் அப்போதுதான் நிஜமாக அழுதது.

அந்த ஃப்ளெக்ஸ் இன்றும் அவருடைய ஸ்கூட்டரை மழையிலிருந்து காக்கிறது. அவருக்குப் பிடிக்காத வேலை ஏதாவது சொன்னால், "நான்தான் செத்துட்டேனே, உம் புருசனையே கேளு" என்று கல்பனாவிடம் சொல்லிவிடுவார்.

போன மாதம் டிவியில் தலைவர் படம் போட்டார்கள். எங்கள் மகள் திரையைக் காட்டி, "ஐ, தாத்தா!" என்றாள். மாமா மறுக்கவே இல்லை. மீசையை நீவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கதாநாயகி ஓடிவந்து தலைவர் தோளில் சாய்ந்தாள்.

"பாட்டி, தாத்தா கூட யாரு அது?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலை நிமிரவில்லை. "அத்தத்தான்டி நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுகினு கீறேன்."