சப்பாத்தைக் கழற்ற வைத்த ஃபோம் அண்ணை

பிரித்தானிய அரசாங்கத்தையே குளிரில் நடுங்கவைத்த தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் ஃபோம் அண்ணை. நோர்பரியில் ஆறு பேர் முறைவைத்துப் படுத்த அறையை விட்டுவிட்டு, நான் ஒரு பையோடு மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பஸ் தரிப்பில் அவரிடம் அகப்பட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"தம்பி, எத்தினை சோடி சொக்ஸ் போட்டிருக்கிறீர்?"

ஒன்று என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். தான் ஐப்பசியில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டால் சித்திரை வருஷப் பிறப்புக்குத்தான் கழற்றுவாராம். பக்கத்தில் நின்ற எனக்கு அதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வீட்டைச் சூடாக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிகள் அத்தனைக்கும் அவரிடம் விண்ணப்பப் படிவம், அவர் வாயில் 'ஃபோம்', இருந்தது. விம்பிள்டன் கோயில் வரிசையில் அறுபது தாண்டியவர்களைத் தேடிப் பிடிப்பார். செத்தவீட்டில் அனுதாபம் சொன்ன கையோடு, ஹீற்றிங்குக்கு எழுதிப் போட்டாச்சோ என்று கேட்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் கூட்டிப்போய்விட்ட இடம் ராணி அக்காவின் வாடகை வீடு. சின்ன அறை ஒன்று கிடைத்தது. அக்காவின் கணவருக்கு நெஞ்சு வருத்தம். அந்தக் குளிர்காலத்திலேயே மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். மருந்து மட்டும் போதாது, வீடு சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நாலாம் தடவை திரும்பி வருவது நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூட்டுக்கு வீட்டில் இருந்ததோ பழுதான ஒரு காஸ் அடுப்பு. வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசாங்கம் இலவசமாக ஹீற்றிங் பூட்டிக் கொடுக்கும் திட்டத்துக்கு ஃபோம் அண்ணை ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார். வீட்டைப் பார்க்க அதிகாரியும் வந்து போயிருந்தார்.

பதில் வந்தது. வீடு போதிய அளவு சூடாக இருப்பதால் உதவி இல்லை.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. அதிகாரி வருகிறார் என்று அக்கா அக்கம்பக்கத்தில் நாலு ஹீற்றர் இரவல் வாங்கி, விடியற்காலையிலிருந்து போட்டு வைத்திருக்கிறார். சப்பாத்தைக் கழற்றவேண்டாம் என்று உபசரித்து, றோல்ஸ் பொரித்துக் கொடுத்திருக்கிறார். அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதிப் போயிருக்கிறார்.

"பிள்ளை, அவன் குளிரெண்டு எழுதத்தானே வந்தவன்?"

"வீட்டுக்கு வந்த ஆளை விறைக்க விடுறதோ அண்ணை?"

ஃபோம் அண்ணை அந்த இடத்திலேயே உட்கார்ந்து மேன்முறையீடு எழுதினார்.

தை மாதத்தில் அதே அதிகாரி மறுபடி வந்தார். இம்முறை ஹீற்றர் இல்லை, றோல்ஸ் இல்லை. வாசலில் என்னை நிறுத்தியிருந்தார்கள். இது தமிழ் வீடு, சப்பாத்தோடு வரக்கூடாது என்று நான் பணிவாகச் சொன்னேன். பாவம், கந்தோர் மேசைக்கு மட்டும் போதுமான மெல்லிய காலுறை. ஐஸ்கட்டி போன்ற தரையில் ஃபோம் அண்ணை அவரை அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாக அழைத்துப் போனார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தலவரலாறு சொன்னார். அதிகாரி கொக்குப்போல் கால் மாற்றி மாற்றி நின்றார். கட்டிலில் கிடந்த அக்காவின் கணவர் வணக்கம் சொன்னபோது வாயிலிருந்து புகை வந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இஞ்சித் தேத்தண்ணியோடு வந்தார். ஃபோம் அண்ணை வழியை மறித்தார்.

"சைன் வைக்கட்டும். பிறகு குடுங்கோ."

அதிகாரி நின்றபடியே கையெழுத்து வைத்தார். பிறகு இரண்டு கோப்பை குடித்தார்.

மாசி நடுவில் ஹீற்றிங் வந்தது. பொயிலரும், அறைச் சுவர்களில் ஏழு ரேடியேற்றரும் பூட்டினார்கள். மாலையில் அக்காவின் கணவர் கட்டிலைவிட்டு எழுந்து வந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, "புழுங்குது, யன்னலைத் திறவுங்கோ" என்றார். அக்கா அழுதுகொண்டே திட்டினார். ஃபோம் அண்ணை தேர் இழுத்து முடித்தவர்போல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பொயிலர் பூட்ட வந்தவர்களின் மேஸ்திரிக்குச் சுமை தூக்க ஓர் ஆள் தேவை என்று தெரிந்ததும், என்னைக் கேட்காமலே என்னைக் கொடுத்தார். படிப்பு எட்டாம் வகுப்பு, முதுகு மட்டும் பட்டதாரி என்று சிபாரிசு.

மறுநாள் காலை அந்த வேலைக்குப் புறப்பட்டேன். பஸ் தரிப்பில் ஃபோம் அண்ணை ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். உள்ளே அவருடைய இரண்டு சோடி கம்பளிக் காலுறை. தோய்த்துக் காயவைத்தது.

"போடும். எங்கட ஆக்களின்ர வீட்டுக்குள்ள சப்பாத்தோட போகேலாது."

முதல் வீட்டின் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ரேடியேற்றரைத் தோளில் ஏற்றினேன். கால் குளிரவில்லை. சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.