பக்கத்து வீட்டு டேலியாவும் என் கலைத் தாகமும்

கேமரா வாங்கியவனுக்கு முதலில் வருவது படமல்ல, திமிர். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பூக்களை மேசைமேல் வைத்துப் படமெடுத்து மனித உணர்ச்சிகளை வெளிப்படுத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாடிய ரோஜா என்றால் ஏக்கம், கவிழ்ந்த செம்பருத்தி என்றால் கோபம். (நிலக்கரி மைன்ஸில் மூன்று ஷிப்டும் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?)

எங்கள் நகரியத்தில் மலர்க் கண்காட்சி வந்தது. அதே மண்டபத்தில் புகைப்படப் போட்டியும் உண்டு. ‘பிரிவின் வலி’ என்று தலைப்பு தயார். பூதான் இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் ரீட்டா டீச்சர் கண்காட்சிக்கென்றே வளர்த்த டேலியா, வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. எங்கள் பக்கம் வந்தால் எங்கள் பூ! ஷிப்டுக்குக் கிளம்பும்முன் கிள்ளிவிட்டேன். காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அறுந்த உறவுக்கு அடையாளம் என்று அதையும் படத்தில் சேர்த்துக்கொண்டேன். என்ன அறிவு, என்ன அறிவு!

சாயங்காலம் டீச்சர் வேலியோரம் நின்று புலம்பினார். “மூணு மாசமா கொழந்த மாரி பாத்துக்கினு இருந்தேன் தம்பி. இந்த வருசமாவது பிரைஸ் வாங்கலாம்னு நெனச்சேன். மாடு தின்னுட்டுப் போயிடுச்சு.”

“மாட்ட அவுத்து விடுறாங்களே, அவங்களச் சொல்லணும் டீச்சர்!” என்று கூசாமல் பொங்கினேன்.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள்: “அந்த மாட்டுக்கு கேமரா வாங்கிக் குடுத்தது யாருங்க?”

ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் என் படத்தின் முன் டீச்சர் நின்றார். நகரவே இல்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“பாத்தியா? என் படம் ஒரு மனுசிய அழ வைக்குது!” என்று மனைவியை முழங்கையால் இடித்தேன்.

டீச்சர் திரும்பினார். “தம்பி, அந்த நூலு நான் கட்டினது. கண்காட்சிக்கு இந்தப் பூதான்னு அடையாளத்துக்கு.”

சுற்றி நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். படத்தின் கீழே என் பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் எண் எல்லாவற்றையும் நானே குண்டு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். “தப்புதான் டீச்சர்” என்றேன். அவமானத்தில் செத்தே போனேன்.

டீச்சர் மன்னித்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு வருடமும் டேலியா மொட்டு விட்டதும் எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

“கேமராவ எடுத்துத் தாங்க தம்பி. கண்காட்சி முடிஞ்சதும் வந்து வாங்கிக்கினு போங்க.”

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி கேமராப் பையோடு ஓடிவருவாள்: “சார்ஜரையும் எடுத்துட்டுப் போங்க டீச்சர்!”