தூக்கிய கை இறங்காத சனிக்கிழமை

பயந்தவனுக்குச் சுத்தபத்தம் அதிகம். என்னை வைத்தே சொல்கிறேன்.

குற்றாலத்தில் இருபத்தைந்து வருடம் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவது. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே, வருகிறவர்கள் குப்புறப் படுத்திருப்பார்கள், முகம் பார்த்துப் பேச வேண்டாம் என்பதுதான். (என் மனைவி செல்வியையே கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.) ஆனால் கட்டைவிரல் இரண்டும் வீங்கி, சோறு பிசையவே முடியாமல் போனது. இனியும் தேய்த்தால் விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழிலும் தெரியாது.

அப்போது நான் மேலகரம் பக்கம் ஒரு இயற்கை வைத்திய நிலையத்தில் இருந்தேன். அங்கே காலையில் சீன நாட்டு மூச்சுப் பயிற்சி ஒன்று நடக்கும். அதைச் சொல்லிக்கொடுத்த மேடம், தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போவதாக இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“தினமும் அங்கன நின்னு பாத்துக்கிட்டுதான இருக்க. மூணு வாரம் கழிச்சு வார சனிக்கிழமை நீ கிளாஸ் எடு. வந்தவங்க குறை சொல்லலைன்னா வேலை உனக்கு. பேரை மட்டும் சைனா பாஷையிலதான் சொல்லணும் பாத்துக்க. கையத் தூக்கு, காலத் தூக்குன்னா, அத நான் வீட்லயே செஞ்சுக்கிடுதேன்னு போயிருவான்.”

மொத்தம் எட்டுப் பயிற்சி, எட்டுப் பெயர். லியாங் ஷோ துவோ தியேன். யாவ் தோ பாய் வெய். கடைசியில் பெய் ஹோ ச்சி தியேன். மேடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

“ச்சி சொல்றப்போ நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி இருக்கணும். லேசா சிரிக்கிற மாதிரி வாயை வச்சுக்கோங்க. ஏத்த இறக்கம் தப்பினா அர்த்தமே மாறிடும்.”

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. ஏற்ற இறக்கம் பார்த்துச் சொல்ல வேண்டியது என்றால் அது மந்திரம். மந்திரத்தைத் தப்பாகச் சொன்னால் கை கால் விளங்காமல் போகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கூச்சம். தவிர, மந்திரத்துக்கு யார் அர்த்தம் கேட்கிறார்கள்?

அன்றே கறி, மீனை நிறுத்தினேன். தனிப் பாயில் படுத்தேன்.

“மாலையும் போடல, கோயிலுக்கும் நேந்துக்கிடல. எந்தச் சாமிக்குங்க இந்த விரதம்?” என்றாள் செல்வி.

“சைனாச் சாமிக்கு.”

அவள் உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். தென்காசி பஸ்ஸில் நான் முணுமுணுத்துக்கொண்டே போனபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார்.

மறந்துவிடுமோ என்ற பயத்தில் வெள்ளிக்கிழமை மாலையே எட்டுப் பெயரையும் இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டேன். வகுப்புக்கு முழுக்கை வெள்ளை ஜிப்பா. லேசாக விலக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை விடிந்தது. மந்திரம் சொல்லப் போகிறவன் சும்மா போகலாமா? நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுகி, அதுவும் போதாமல் அருவிக்குப் போய் அரை மணி நேரம் நின்றேன். நடுக்கத்தோடு ஜிப்பாவை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து நின்று என்னையே பார்த்தார்கள். வாசலில் முதலாளி. நான் கண்ணை மூடிக்கொண்டு, “லியாங் ஷோ துவோ தியேன்” என்றேன். இருபத்து நான்கு கைகள் மேலே போயின. உடம்பு சிலிர்த்தது.

அடுத்த பெயருக்காக ஜிப்பாக் கையை விலக்கினேன். கை பளிச்சென்று இருந்தது. எண்ணெயும் சீயக்காயும் அருவியும் சேர்ந்து ஒரு புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை.

தலைக்குள்ளும் ஒன்றுமில்லை. தூக்கிய கைகளை யாரும் இறக்கவும் இல்லை. முன்வரிசையில் இலத்தூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்குக் கை வெடவெடவென்று ஆடியது, முகம் சிவந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஏற்ற இறக்கம் தப்பிவிட்டது. பன்னிரண்டு பேரையும் பூட்டிவிட்டேன். திறக்கத் தெரியாது.

ஓடிப்போய்ப் பெரியவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். “அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. மந்திரத்த எறக்கத் தெரியல.”

மேலேயிருந்து குரல் வந்தது. “என்ன மந்திரம் வே? அடுத்த பேரச் சொல்லும். தோள்பட்டை கழலுது.”

மலேசியாவிலிருந்து கணவரோடு வந்திருந்த சீனப் பெண்மணி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். கணவர் தமிழர், அதனால் அவருக்குத் தமிழ் வரும்.

“மந்திரம் எல்லாம் இல்ல லா. இப்ப சொன்னீங்கல்ல, அது ரெண்டு கையாலயும் வானத்தைத் தாங்குன்னு அர்த்தம். நல்லாத்தான் சொன்னீங்க. யாவ் தோ பாய் வெய்னா தலைய ஆட்டு, வால ஆட்டு. கடைசி ஒண்ணு, பின்னாடி குதிகாலை ஏழு தடவை தூக்கி இறக்கு.”

வாலை ஆட்டுவதற்கா மூன்று வாரம் மீன் சாப்பிடாமல் கிடந்தேன் என்று நினைத்தபடி, எழுந்திருக்க வெட்கப்பட்டுத் தரையிலேயே கிடந்தேன்.

மிச்சப் பெயர்களை அந்த அம்மாள் சொல்ல, நான் செய்து காட்டினேன். யாரும் குறை சொல்லவில்லை. “காலில் விழுந்து பாடம் எடுக்கிற வாத்தியாரை இப்பதான் பாக்கோம்” என்றுதான் முதலாளியிடம் சொன்னார்களாம். வேலை கிடைத்தது. இப்போதும் பெயர்களைக் கையில் எழுதிக்கொள்கிறேன். குளித்த பிறகு.

பண்பொழித் திருமலைக் கோயிலில் தீபாராதனையின்போது நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடினால், செல்வி காதருகே வந்துவிடுவாள்.

“எறக்குங்க. அடுத்த பேர நான் சொல்லுதேன்.”