பதினாறு கிலோ கெட்டில்பெல் பற்றிய முறைப்பாடு

மட்டிக்களி,
திருகோணமலை.
18.07.2024

அன்பின் மைத்துனர் இராகுலன் அவர்களுக்கு,

இங்கு நானும் உமது அக்காவும் ஆரோக்கியமாக இருக்கிறோம். உமது அக்கா என்னைவிடக் கூடிய ஆரோக்கியத்துடன் இருக்கிறார். இக்கடிதத்தின் விடயமும் அதுவே. ரொறன்ரோவில் நீரும் பிள்ளைகளும் சுகமென நம்புகிறேன். இதனைத் தபாலில் அனுப்பக் காரணம், என் சட்டைப்பையைச் சோதிக்கும் உரிமை உமது அக்காவுக்கு முப்பது வருடமாக இருப்பதுதான். போனும் அதற்குள் அடக்கம்.

நீர் அறிந்ததுதான், இடுப்பில் வந்த நாரிநோவுக்கென்று உட்துறைமுக வீதிப் பக்கம் உள்ள உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்த உமது அக்கா சிவாஜினி, நாரிநோ மாறிய பின்னும் அதை விடவில்லை. டெட்லிஃப்ட் என்று ஒன்றில் ஆசை வந்துவிட்டது. தரையில் கிடக்கும் பாரத்தைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பது. பிறகு அதே இடத்தில் வைத்துவிடுவது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டேன். அங்கே பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலை மட்டும்தான், பாரத் தட்டுகள் கொழுவும் கம்பியும் ஒன்றுதான், ஒருவர் தூக்கப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். எண்பது கிலோவில் உமது அக்காவின் கம்பி முழங்காலுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். பயிற்றுவிக்கும் பிள்ளை நிவேதிகா சொன்னதாவது: "அன்ரி, முதுகில பலம் இருக்கு. கடைசியில இடுப்பை முன்னுக்குத் தள்ளுறதுதான் காணாது. வீட்டில ஒரு கெட்டில்பெல் வைச்சு ஸ்விங் செய்யுங்கோ. செவ்வாய்க்கிழமைத் தூக்கலுக்கு அது ஈடில்லை, ஆனா மற்ற நாளுக்கு அதுதான் உதவி." அதன் பேரில்தான் நீர் சொக்லேற், சவர்க்காரத்தோடு அந்தக் கைப்பிடி வைத்த இரும்பு உருண்டையைக் கப்பலில் அனுப்பினீர். தமிழில் அதற்கு இரும்புக்குண்டு என்று நல்ல சொல் உண்டு. ஆனால் "குண்டு வந்திட்டுது" என்று மதிலுக்கு மேலால் சொல்லக்கூடிய ஊர் இதுவல்ல என்பதால், ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

நான் இருபத்தொன்பது வருடம் அளவை நிறுவைப் பரிசோதகராக இருந்தவன். பதினாறு என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பதினாறு என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கொக்கித் தராசைக் குசினிக் கூரையின் வளைமரத்தில் தொங்கவிட்டு நிறுத்தேன். 14.4 கிலோ. மூன்று தரம் நிறுத்தேன். ஆச்சரியப்படவில்லை. நான் ஓய்வு பெற்ற நாள் தொடக்கம் இந்த மாவட்டத்தில் எதுவும் சரியான நிறையில் வருவதில்லை. மூதூர் அரிசி குறைவு, குச்சவெளிக் கருவாடு குறைவு, சந்தையில் மீன்காரன் தாஹிரிடம் கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அவனுடைய படிக்கற்களை ஒருமுறை நானே பறிமுதல் செய்தேன், திருந்தவில்லை. கனடாவும் இப்படியா என்பதுதான் என் கவலை.

குறைந்த 1.6 கிலோவுக்கு மீன்வலையில் கட்டும் ஈயத்தை அதே தராசில் நிறுத்து, கைப்பிடியின் அடியில் நைலோன் கயிற்றால் கட்டிவிட்டேன். ஸ்விங் என்பது கையால் தூக்குவதல்ல; கை வெறும் கயிறு. இடுப்பைப் பின்னுக்கு மடித்து, முதுகை நேராக வைத்து, சடாரென்று நிமிர்ந்தால் இரும்பு தானாக நெஞ்சுயரம் வரும். ஒன்பதாம் நாள் இரும்பு நெஞ்சுயரத்தில் நின்றது, ஈயம் நிற்கவில்லை. மதிலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு ஜெஸ்மின் டீச்சரின் தண்ணீர்த் தாங்கியில் ஓட்டை போட்டுவிட்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "ஏன் அண்ணன், மீனில்லாத இடத்தில வலை வீசுறீங்க?" என்றார். பிறகு செப்புக் கம்பியால் கட்டினேன். நாலு மாதம், கிழமைக்கு நாலு நாள், பதினைந்து பதினைந்தாகப் பத்துத் தரம். கோழிகள் பின்வளவுக்கு வருவதை விட்டுவிட்டன.

கடந்த சனிக்கிழமை மாகாணத் தெரிவுப் போட்டி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு. எண்பத்தைந்து தூக்கினால் கொழும்புக்குப் போகலாம். அவ தூக்கினா, மச்சான். முழங்காலில நிக்கேல்லை, இடுப்பு முன்னுக்கு வந்துது, மூன்று நடுவரும் சரியெண்டு வெள்ளைக் கொடி காட்டிச்சினம். நானும் கை தட்டினனான். ஆனால் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நான் கொண்டுபோன தராசில இருபது கிலோத் தட்டைக் கொழுவிப் பார்த்தால் பதினெட்டு. மற்றதுகளும் பத்தில் ஒன்று குறைவு. ஓட்டோவில் வரேக்கை உண்மையைச் சொன்னேன். "சிவாஜினி, நீர் தூக்கினது எண்பத்தைந்து இல்லை, எழுபத்தாறரை." அவ ஓட்டோவை நிப்பாட்டச் சொன்னா. பிறகு, "நீங்கள் இறங்கி நடந்து வாங்கோ" எண்டா. மழை. நடந்தனான்.

ஐந்து நாளாக மேசைக்குச் சாப்பாடு வருகிறது, கதை வருவதில்லை. ஆயினும் கடமை கடமையே. தட்டுகள் குறைநிறை உடையவை, ஆகவே என் மனைவியின் தெரிவை இரத்துச் செய்க என்று போட்டிக் குழுவுக்கு எழுதி உறையிலிட்டுவிட்டேன். நாளை காலை இதனுடன் தபாலில் சேர்ப்பேன். நீர் அக்காவுக்கு அழைத்து, நிறை என்பது ஆளைப் பார்த்து மாறாது என்று விளக்க வேண்டும். கெட்டில்பெல் விற்ற கடைக்கும் முறைப்பாடு செய்யவும்.

உமது மனைவிக்கு எம் அன்பு. பிள்ளைகள் நல்ல கல்வியும் நேர்மையான அளவும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
கனகசுந்தரம்
ஓய்வுபெற்ற அளவை நிறுவைப் பரிசோதகர்

பி.கு.: உறையை ஒட்டுமுன், பின்னேரம் வாங்கிய மீனின் நிறை குறைந்ததை நிரூபிக்கத் தராசோடு தாஹிரிடம் போனேன். அவன் தன் பத்துக் கிலோப் படிக்கல்லை என் கொக்கியில் கொழுவினான். ஒன்பது காட்டியது. "ஐயா, இது நீங்க பென்சன் போகக்குள்ள உங்கட கையால அடிச்ச முத்திரை. இப்ப பறிமுதல் செய்றது ஆரு, நீங்களா நானா?" என்றான்.

ஆகவே பத்தில் ஒன்று தின்றது என் தராசு, தட்டுகள் சரி. அரிசி, கருவாடு, கனடா எல்லாம் சரி. ஈயத்தோடு சேர்த்து உமது அக்கா நாலு மாதம் வீசியது பதினேழு கிலோ எழுநூற்று எழுபத்தெட்டுக் கிராம். குழுவுக்கு எழுதிய கடிதத்தை அடுப்பில் வைத்துவிட்டு அவவிடம் சொன்னேன். "ஓம், தெரியும். உங்கட ஈயத்தோட ஜிம்மில இருக்கிற பதினெட்டுக் கிலோ மாதிரித்தான் இருந்தது. நல்லதுதானே எண்டு விட்டனான்" எண்டா. அப்ப ஓட்டோவில ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டேன். "நான் தூக்கினதைப் பாத்தும் நீங்கள் தராசைத்தானே நம்பினனீங்கள்" எண்டா.

கொழும்புக்கு நானும் போகிறேன், வெறுங்கையோடு. தராசில் இப்போது வாழைக்குலை தொங்குகிறது. பதினொரு கிலோ காட்டுகிறது. காட்டட்டும்.