ஊசிக்கு முழு ஆதரவு

வாவிக்கரையில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பெருகிவரும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் முழு ஆதரவாளர். மரம் நடுவதா, வடிகால் வெட்டுவதா, பிளாஸ்டிக்கை ஒழிப்பதா, எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் இருந்து எழும்பி, தொண்டையைச் செருமி, "இதுக்கு என்ட முழு ஆதரவு" என்று சொல்லி, கைதட்டல் ஓயும்வரை நின்று, பிறகுதான் உட்காரும். வேலை தன் வீட்டுப் படலையடிக்கு வரும் நாளில் மட்டும் கண்ணில் படாது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பழுகாமத்து நல்லரத்தினம் இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவர். அவருடைய வயல் வாவியில் முடியும் இடத்தில் சம்புப் புற்கள் அடர்ந்து கிடக்கும். அதற்குள் மீன்பிடிப் பூனை என்னும் அருகிவரும் காட்டுப்பூனை ஒன்று இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. நாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் நோயால் கரையோரத்தில் இந்தப் பூனைகள் செத்துக்கொண்டிருந்ததால், ஏறாவூரிலிருந்து மிருக வைத்தியர் இன்ஷிரா வந்து கூட்டம் வைத்தார். தாயைக் கூண்டில் பிடித்து ஊசி போட்டாயிற்று. குட்டிகளுக்கு இன்னும் அதற்கான வயது வரவில்லை. அதுவரை அவற்றைக் காப்பாற்ற ஒரே வழி, ஊர் நாய்களுக்கெல்லாம் ஊசி போடுவது. விஷயம் அவ்வளவுதான்.

நம்மவர் எழும்பினார். இந்தப் பூனை நம் மண்ணின் பெருமை என்றார். இதற்கு ஒன்று நேர்ந்தால் வரும் சந்ததி நம்மை மன்னிக்குமா என்று கேட்டார். டொக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். பூனைக்கும் போர்த்தியிருப்பார், அது கூட்டத்துக்கு வரவில்லை.

மறுநாள் அவருடைய காவல் நாய்க்கு ஊசி போட இன்ஷிரா ஊசிப் பெட்டியோடு அவர் படலையில் நின்றார்.

"ஓம் டொக்டர், கட்டாயம் போடத்தான் வேணும். முதல்ல அங்கால வீடுகள முடிச்சிட்டு வாங்களன்."

"அங்கால எல்லாம் முடிஞ்சிது ஐயா."

"இப்ப வெள்ளாமைக் காவல் நேரம், மகள். ஊசி போட்டா நாய் சோந்துபோய்ப் படுத்திரும். வயலுக்குள்ள காட்டுப் பண்டி வந்தா ஆர் குலைக்கிற? வெட்டி முடியட்டும், மறுகா பாப்பம். அதோட, இது வெளிய போறயில்ல. வளவுக்குள்ளதான் கிடக்கும்."

அவர் சொல்லி வாய்மூடுமுன் அந்த நாய் சம்புக்குள்ளிருந்து வயிறுவரை சேற்றோடு ஓடிவந்து, அவருடைய சாரனில் உடம்பைத் துடைத்துக்கொண்டது.

இரண்டு வாரத்தில் அறுவடை முடிந்தது; குட்டிகளுக்கு ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. இன்ஷிரா மறுபடி வந்தார். இம்முறை அம்மன் கோயில் சடங்கு தொடங்கியிருந்தது.

"கோயில் கதவு திறந்து கிடக்கு மகள். அம்மாள் ஊருக்குள்ள நிக்கிற நேரம். ஊசி, ரெத்தம் ஒண்டும் கூடா."

ஊசி கூடாது என்பது அம்மை கண்ட மனிதருக்குச் சொல்லும் வழக்கம். அதை நாய்வரைக்கும் நீட்டிய பெருமை நல்லரத்தினத்தையே சேரும். கோயில் காரியத்தில் ஏறாவூர் முஸ்லிம் பெண் என்ன பேச முடியும்? அதே கோயில் பூசாரியார் தன் நாய்களை முதல் ஆளாகக் கொண்டுவந்து ஊசி போட்டிருந்தார். மரியாதைக்காக அதையும் சொல்லாமல் இன்ஷிரா திரும்பிப் போனார்.

சடங்கு முடிவதற்குள் நாயின் கண்ணில் பீளை கட்டியது, மூக்கில் சளி ஒழுகியது, பிறகு வலிப்பு வந்து செத்தது. அதற்குப் பின்னால் குட்டிகள். ஒன்று சம்புக்குள் கிடந்தது. மற்றது எப்படியோ வாய்க்கால்வரை இழுத்து இழுத்து வந்து, கண் ஒட்டியபடி அங்கே கிடந்தது. இன்ஷிரா அதைத் துணியில் சுற்றித் தூக்கியபோது கேலி பேசும் நானும் அதன் கண்ணைத் துடைக்கத் தண்ணீர் அள்ளிக்கொடுத்தேன். ஊசி போட்ட தாய் மட்டும் பிழைத்துத் தனியாகத் திரிகிறது.

அனுதாபக் கூட்டம் நடந்தது. தலைமை யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"நேரகாலத்தோட ஊசி போட்டிருந்தா இந்தப் பச்சக் குட்டிகள் பிழைச்சிருக்கும். இதுக்கு ஆர் பொறுப்பு?" என்று நல்லரத்தினம் இன்ஷிராவைப் பார்த்தபடி கேட்டார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. சபை கைதட்டியது.

இப்படியும் மனிதர்களா என்று நீங்கள் தலையை ஆட்டுவது தெரிகிறது. குட்டிகளுக்காக மனம் வருந்துகிறீர்கள். நல்லது, மிக்க நன்றி. அது இருக்கட்டும், உங்கள் வீட்டு நாய் இப்போது எங்கே?